காரும் பைக்கும் புனே போகணும்: ரயிலா, கேரியரா, ஓட்டிட்டே போறதா?

கோயமுத்தூர் திருப்பூர் பக்கமிருந்து வேலை மாத்திட்டு வடக்க போறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது ரேட்டுதானுங்க. அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, வண்டி நம்ம வாசல்ல கெளம்பி அந்த ஊரு வாசல்ல போய் நிக்கற வரைக்கும் எத்தனை கை மாறும்னு. கீறல், ஒடைசல், காணாம போன மிரர் எல்லாம் முக்காவாசி ஏத்தி எறக்கற எடத்துலதான் நடக்குது. கோவை டு புனேன்னே வச்சுப் பாப்போம், சேலம், ஓசூர், பெங்களூர், ஹூப்ளி வழியா சுமாரா 1,200 கிலோமீட்டர்.

பைக்குன்னா ரயில்தான் எல்லாருக்கும் டக்குனு ஞாபகம் வரும். அதுல லக்கேஜ், பார்சல்னு ரெண்டு இருக்கு. நாம டிக்கெட் எடுத்துப் போற அதே ரயில்ல வண்டியையும் போட்டா லக்கேஜ், டிக்கெட் இல்லாம வண்டிய மட்டும் அனுப்புனா பார்சல், அது எடம் கெடைக்கறப்பதான் ஏறும். ஆர்சி காப்பி, ஐடி காப்பி வேணும். டேங்க்ல பெட்ரோல் சொட்டு இருக்கக் கூடாது, ட்யூப்ப புடுங்கி கேன்ல வடிச்சுட்டு, மிச்சம் இருக்கறதுக்கு ஸ்டார்ட் பண்ணி அதுவா அணையற வரைக்கும் விடணும். பொறவு டேங்க், ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல வைக்கோலும் அட்டையும் வச்சு சாக்குல சுத்தி கோணி ஊசில தெச்சுடுவாங்க. மிரர நீங்களே கழட்டி பைல வச்சுக்கோங்க.

இதுல யாரும் சொல்லாத விஷயம் ஸ்டேஷன். திருப்பூர்ல நெறைய ரயில் ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், அதுக்குள்ள ஒரு புல்லட்ட யாருங்க தூக்கி வண்டிக்குள்ள வைக்கறது? ரயில் கெளம்பற எடத்துலயே போட்டா நிதானமா ஏத்துவாங்க. எறங்கற பக்கமும் இதே கததான், கோவைல கெளம்பற மும்பை எல்டிடி (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) ரயில் புனே வழியாத்தான் போகுது, ஆனா புனே கடைசி ஸ்டேஷன் இல்ல, அவசரத்துல எறக்காம விட்டா வண்டி மும்பை போயிரும். அதே டெல்லின்னா கொங்கு எக்ஸ்பிரஸ் இங்க கெளம்பி நிஜாமுதீன்ல முடியுது, அதனால பைக்குக்கு புனேய விட டெல்லி ரூட்டு நிம்மதின்னுகூட சொல்லுவேன்.

வீட்டுச் சாமானுக்குன்னு லாரி தனியா புடிச்சிருக்கீங்களா, அப்ப யோசிக்கவே வேண்டாம், பீரோ கட்டிலோட பைக்கையும் ஒட்டுக்கா ஏத்திருங்க. ஒரு தடவ ஏத்தறது, ஒரு தடவ எறக்கறது, அவ்வளவுதான். பல பேரு சாமான ஒரே லாரில ஏத்தற ஷேரிங் லோடுன்னா மட்டும் நடுவுல எங்காவது குடோன்ல வேற லாரிக்கு மாத்துவீங்களான்னு கேட்டுக்கோங்க. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரங்க வேற லோடோட சேத்து கம்மியா கொண்டு போறேன்னு சொல்லுவாங்க, ரேட்டு கம்மிதான், ஆனா பைக்கு பக்கத்துல என்ன லோடு வருதுன்னு நம்ம கைல இல்ல.

கார் வேற கணக்கு. கேரியர்னு சொல்ற, பல காரை ஒண்ணா ஏத்திட்டுப் போற கன்டெய்னர் லாரில போட்டா கிலோமீட்டர் ஏறாது, டயர் தேயாது, அது நெசம். ஆனா அந்தப் பெரிய வண்டி உங்க சந்துக்குள்ள வராது. ஒருத்தர் வந்து காரை அந்த கம்பெனி யார்டுக்கு ஓட்டிட்டுப் போவாரு, லோடு சேர்ற வரைக்கும் அங்க நிக்கும், அந்த ஊர்ல எறக்குன பொறவு இன்னொருத்தர் வீட்டுக்கு ஓட்டிட்டு வருவாரு. ஏத்தறவங்களையும் சேத்தா எத்தனை கைன்னு நீங்களே எண்ணிக்கோங்க. அதனால சாவி குடுக்கறப்பவே நாலு பக்கமும், ஓடோமீட்டரும் வீடியோ எடுத்துட்டு, கார் இருக்கற நெலமைய எழுதற கண்டிஷன் ஷீட்ல அவங்க கையெழுத்து வாங்கிக்கணும். அங்க டெலிவரி எடுக்கறப்ப கார சுத்திப் பாக்காம நீங்க கையெழுத்து போடாதீங்க. வழில ஆகற சேதத்துக்கான ட்ரான்சிட் இன்சூரன்ஸ் போட்டாச்சுன்னு வாயால சொன்னா பத்தாது, பேப்பர் வாங்குங்க. மத்த எல்லாரையும் விட பாதி ரேட்டு சொல்லி இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்கன்னு அவசரப்படுத்தறவங்க பக்கம் போகவே வேண்டாம், பெரிய கம்பெனி பேர்லயே ஒரு எழுத்த மாத்தி வச்சுட்டு நெம்ப பேரு சுத்தறாங்க.

ஓட்டிட்டே போனா? லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா 80 லிட்டர், லிட்டர் 100 ரூபான்னு போட்டா 8,000. டோலுக்கு, 2025 ஆகஸ்ட் 15ல ஃபாஸ்டேக் வருஷ பாஸ் 3,000 ரூபாய்க்கு வந்துச்சு, 200 ட்ரிப் இல்லாட்டி ஒரு வருஷம், அது நேஷனல் ஹைவே டோலுக்கு மட்டும் செல்லும். ஹூப்ளில ஒரு நைட் ரூம். ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்ட ஆள் இருந்தா புனே வரைக்கும் என் ஓட்டு இதுக்குத்தான். சேலம் தாண்டி வர்ற தொப்பூர் கணவாய மட்டும் ராத்திரில வச்சுக்காதீங்க, நாம ஏறறப்ப எதிர்ல எறங்கற லாரி பிரேக் புடிக்காம வர்ற எடம் அது. ஆக்டிங் டிரைவர் போட்டா அவரு பேட்டா, ரூம், திரும்பி வர்ற டிக்கெட் எல்லாம் சேத்து கேரியர் ரேட்டு பக்கம் வந்துரும், ஆனா கை ஒண்ணுதான். டெல்லி தூரம்னா ஓட்டறது வேண்டாம், கேரியரே போடுங்க.

எதுல போனாலும் 12 மாசத்துக்கு மேல வேற ஸ்டேட்ல வச்சிருந்தா அந்த ஊரு நம்பர் வாங்கியாகணும், அதுக்கு நம்ம ஆர்டிஓல ஃபார்ம் 28 என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வேணும், கார் மேல லோன் இருந்தா பேங்க் லெட்டரும் வேணும். அங்கயே செட்டில் ஆகறதுன்னா இத கெளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சுருங்க, இதுக்குன்னு லீவு போட்டு புனேல இருந்து ஓடி வர்றது ரோதனை.