நாய்க்குட்டி தத்தெடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு விலங்குகள் காப்பகம், அதை ஒட்டியே ஒரு கால்நடை கிளினிக். இரண்டுக்கும் ஒரே வாசல், ஒரே கவுன்ட்டர். கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் ஒருவர்தான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போன சனிக்கிழமை போனோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். இரண்டு வருடமாக நாய் வேண்டும் என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். காசு கொடுத்து ஜாதி நாய் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, ஆதரவற்ற ஒன்றுக்கு வீடு கிடைக்கட்டும் என்றுதான் காப்பகத்துக்குப் போனேன். இப்போது நினைத்தால் அந்த நல்ல எண்ணம்தான் என் கண்ணைக் கட்டியிருக்கிறது. கடையில் ஒரு மிக்ஸி வாங்கினால்கூட வாரன்ட்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் நான். அங்கே எதையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சம்.

உள்ளே நுழைந்ததும் மூன்று கால் நாய் ஒன்று நொண்டிக்கொண்டே வந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்தது. அதோடு நான் காலி. அப்புறம் டாக்டர் கோட் போட்ட ஒருவர் குட்டியை எடுத்து வந்தார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதன் பாதங்களை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து மகளின் மடியில் வைத்தார். "இவன் யாரிடமும் போக மாட்டான். உங்க பொண்ணுகிட்ட எப்படி ஒட்டிக்கிட்டான் பாருங்க" என்றார். குட்டி ஒட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் அது ஏற்கனவே சோர்ந்து போயிருந்ததோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது. நல்ல குட்டி என்றால் துள்ளி இறங்கி எதையாவது கடித்திருக்காதா? மகள் அந்த நிமிடமே "பொட்டு" என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு எந்த அப்பன் எழுந்து வெளியே போவான்?

பணம் எவ்வளவு என்று எண்ணில் சொன்னால் சிலருக்குச் சிறிதாகத் தெரியும், சிலருக்குப் பெரிதாகத் தெரியும். எனக்கு அது அரை மாதச் சம்பளம். தத்துக் கட்டணம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் "ஓராண்டு நலத்திட்டம்" என்ற பெயரில் முன்கூட்டியே வாங்கியது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, டாக்டர் பார்க்கும் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். முதல் பதினைந்து நாளில் என்ன நோய் வந்தாலும் சிகிச்சை இலவசம். இதைச் சொன்னது கவுன்ட்டர் பெண். "கவலையே படாதீங்கண்ணா, நாங்க இருக்கோம்" என்றார். வாய்வழியாக. எழுதிக் கொடுத்தது ஒரு ரசீதும் ஒரு தடுப்பூசி அட்டையும் மட்டும்.

செவ்வாய் ராத்திரி பொட்டு சாப்பிடவில்லை. புதன் காலையில் வாந்தி, மதியம் ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். போன் செய்தேன். டாக்டர் சர்ஜரியில் இருக்கிறாராம். ஒரு மணி நேரம் கழித்துச் செய்தேன், சாப்பிடப் போயிருக்கிறாராம். மூன்றாவது முறை யாரும் எடுக்கவில்லை. சரி என்று துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விட்டேன்.

அதே கவுன்ட்டர், அதே பெண். "சார்" என்றார். சனிக்கிழமை அண்ணாவாக இருந்தவன் புதன்கிழமை சாராகிவிட்டேன். டாக்டர் குட்டியைத் தொடக்கூட இல்லை. கதவருகே நின்று பார்த்துவிட்டு, "உணவு மாறியதால் வந்திருக்கும்" என்று வாந்தி மருந்து எழுதினார். பரிசோதனை செய்ய வேண்டாமா என்று கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணமாம். அப்போ நான் கட்டிய அரை மாதச் சம்பளம்? "அது காப்பகத்துக்குக் கட்டியது சார், இது கிளினிக். ரெண்டும் வேற வேற." ஒரே மேசையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்!

வெளியே வரும்போது கூண்டு கழுவிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுகூட வந்த ரெண்டு போயிடுச்சு. வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்தக் காப்பகத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். அவர் வேலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, பெயர் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வேறு மருத்துவமனையில் மலத்தைத் தொட்டு ஒரு சின்ன கிட்டில் விட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிவு: பார்வோ. குடலின் உள் தோலையே அரித்துவிடும் வைரஸ். அதற்கென்று நேரடி மருந்து எளிதில் கிடைப்பதில்லை. டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, வேறு கிருமி தொற்றாமலிருக்க ஆன்டிபயாடிக் என்று உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். அப்படித் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும், விட்டுவிட்டால் பெரும்பாலானவை செத்துவிடும். அன்றைக்கு அந்த வாந்தி மருந்தை நம்பி வீட்டுக்கு வந்திருந்தால்? அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

புது டாக்டர் முதலில் கேட்டது, வீட்டில் இதற்கு முன் நாய் இருந்ததா என்று. இல்லை. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், அங்கிருந்தே வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். பிறகு அட்டையை வாங்கிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். உண்மையான தடுப்பூசி என்றால் மருந்துக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுவது வழக்கம். பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். என் அட்டையில் ஸ்டிக்கரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. மூன்று வரி மட்டும், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல. மூன்றாவது வரி ரேபிஸ். பொதுவாக 12 வாரத்துக்கு முன் ரேபிஸ் ஊசி போட மாட்டார்கள். இவர்களே சொன்ன கணக்குப்படி குட்டிக்கு வயது 60 நாள்தான்!

அந்த 60 நாளும் பொய். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் 28-உம் வந்திருக்குமாம். பொட்டுவின் வாயைத் திறந்து காட்டினார்: பின்பக்கப் பற்கள் இப்போதுதான் முளைவிடுகின்றன. ஆறு வாரம்கூட நிறைந்திருக்காது என்றார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அட்டையில் உள்ள முதல் ஊசி, குட்டி கண் திறந்து பத்து நாள்கூட ஆகாதபோது போட்டதாக வருகிறது. பார்வோ தடுப்பூசியை ஆரம்பிப்பதே 6 முதல் 8 வாரத்தில்தான்.

மறுநாள் இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ராத்திரி ஒரு செய்தி: "ஊசி போட்டாலும் சில குட்டிகளுக்கு வரும்." இது உண்மைதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும், அதனால்தான் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பொய் சொல்கிறவர்கள் இப்படி ஒரு உண்மையைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போடாத ஊசி எப்படி ஐயா வேலை செய்யும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். அரை மாதச் சம்பளமும் ஒரே வரியில், "நன்கொடை". நலத்திட்டம் என்ற சொல்லே அதில் இல்லை. நன்கொடை திரும்பக் கிடைக்காதாம். சனிக்கிழமை அந்த ரசீதை மடித்துப் பையில் வைத்தேனே தவிர, ஒரு வரிகூடப் படிக்கவில்லை. என் மேலும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் ஒரு சலுகை வேறு: "அந்தக் குட்டியைக் கொண்டு வந்து விட்டுடுங்க, வேற ஆரோக்கியமான குட்டி தர்றோம்." செருப்பு அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவது போல. இதை மகளிடம் சொல்லவில்லை.

எல்லாக் காப்பகமும் இப்படி என்று சொல்லவில்லை. கைக்காசைப் போட்டு நடத்துகிறவர்களை எனக்கே தெரியும். இவர்களால் அவர்களுக்கும்தான் கெட்ட பெயர்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. அட்டையில் ஸ்டிக்கர் இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள், எதற்குப் பணம் என்று எழுதச் சொல்லுங்கள். கூடப் பிறந்த குட்டிகள் எங்கே என்று கேளுங்கள். பணம் கட்டும் முன் சம்பந்தமில்லாத வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள், விட மாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குழந்தையை முதல் தடவையே கூட்டிப் போகாதீர்கள்.

பொட்டு இன்று நான்காவது நாளாக டிரிப்ஸில் இருக்கிறது. காலையில் வாந்தி இல்லை, நாலு நக்கு தண்ணீர் குடித்தது என்றார்கள். இந்த வைரஸ் வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம், கை கழுவும் சானிடைசருக்கெல்லாம் சாகாதாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடச் சொல்லியிருக்கிறார்கள். தரை முடிந்துவிட்டது. கிண்ணங்களும் துணிகளும் பாக்கி, பொட்டு திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும்.