கிறிஸ்துமஸ் தாத்தா: ரகசியமா, விளையாட்டா, புனிதர் கதையா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் கிறிஸ்துமஸ் தாத்தா வாசல் வழியாகத்தான் வருவார். டிசம்பர் பிறந்துவிட்டால் கேரல் குழுவோடு, கிட்டாரும் டிரம்முமாக, ராத்திரி தெருத்தெருவாக வருவார். மஞ்சக்குப்பமோ முத்தியால்பேட்டையோ, குழந்தை அவரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும். குரலை அடையாளம் காணும், செருப்பைக் கவனிக்கும். தாத்தாவைப் பிள்ளைக்கு ரகசியமாக வைப்பதா, விளையாட்டாக்குவதா, புனிதர் கதையாகச் சொல்வதா என்று பெற்றோர் முடிவு செய்யும்போது இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பரிசை வைத்தது தாத்தாதான் என்று நம்பவைப்பது ஒரு வழி. அதற்குத் தோதான நேரம் 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை. மற்றவர்கள் கோயிலுக்குப் போனபின் வீட்டிலிருக்கும் பெரியவர் குடிலருகே பரிசை வைத்துவிடலாம். குட்டு உடைவது சின்ன விஷயங்களில்தான்: பையில் மறந்துபோன பில், உரிக்காத விலை ஸ்டிக்கர், சீட்டில் அம்மாவின் கையெழுத்து. பீரோ மேல் ஒளித்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது மேல்.

இதைவிடப் பெரிய சிக்கல் பரிசின் விலை. ஒரு வீட்டுக்குத் தாத்தா சைக்கிள் கொடுக்கிறார். புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போக முடியாத தேவனாம்பட்டினம் வீட்டில் பென்சில் பாக்ஸ்கூட இல்லை. "சேட்டை பண்ணினா தாத்தா தர மாட்டார்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தான் கெட்ட பிள்ளை என்றே முடிவு கட்டும். அந்த மிரட்டலை எந்த வீட்டிலும் சொல்லவே கூடாது. தாத்தா பெயரில் சின்னப் பரிசு ஒன்று போதும். சைக்கிள் அப்பா அம்மா வாங்கியதாகவே இருக்கட்டும்.

இரண்டாவது வழி, எல்லாருக்கும் தெரிந்த வேஷம். நம் ஊருக்கு இதுவே பொருந்தும். ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகள் தாத்தாவைக் கண்டு வீறிட்டு அழக் காரணம் அசையாத பிளாஸ்டிக் முகமூடி. தெரிந்த முகம் அதில் மறைந்துபோகிறது. மாமாவோ சித்தப்பாவோ குழந்தையின் கண்ணெதிரே வேஷம் கட்டட்டும்: முதலில் அங்கி, பிறகு தொப்பி, கடைசியில் தாடி. நடுவில் ஒருமுறை தாடியைக் கழற்றிக் காட்ட வேண்டும். கேரல் குழுவிடம் முன்கூட்டியே சொன்னால் தாத்தா கேட்டருகிலேயே முகமூடியை எடுத்துவிட்டுக் கீழே உட்கார்வார். போட்டோவுக்காகக் குழந்தையை அவர் மடியில் திணிக்காதீர்கள். மிட்டாயை அம்மா வாங்கிக் கொடுக்கட்டும், அதிலும் சின்னக் குழந்தைக்குக் கடின மிட்டாய் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பஞ்சுத் தாடி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் மெழுகுவர்த்தியை எட்டவே வையுங்கள்.

வேஷம் என்று தெரிந்தால் குதூகலம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். சொப்புச் சாமானில் மண் இட்லி பரிமாறும் நான்கு வயதுக் குழந்தை, இதையும் முழு மனதோடு விளையாடும்.

மூன்றாவது, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலாஸ் கதை. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மீராவில் ஆயராக இருந்தவர். வரதட்சணை இல்லாத மூன்று பெண்களின் வீட்டில் இரவில் தங்கம் போட்டுவிட்டுப் போனார் என்பது மரபுக் கதை. அவர் திருநாள் டிசம்பர் 6, புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு. ஐரோப்பாவில் ஷூவில் இனிப்பு வைப்பார்கள். இங்கே எறும்பு மொய்க்கும், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இந்தக் கதை அவ்வளவாக ஏறாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதில் சந்தேகம் வரும். "நிஜமாவே இருக்காரா?" என்று கேட்டால், "உனக்கு என்ன தோணுது?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்கலாம். விடாமல் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதற்குமேல் மழுப்பினால் அது பொய்தான். விடுமுறைக்கு வரும் பெரியப்பா பிள்ளைகள் இன்னும் நம்புகிறார்களா என்று அண்ணியிடம் முன்னாடியே கேட்டு வையுங்கள். விஷயம் தெரிந்த பிள்ளையிடம் கிறிஸ்மா (ரகசியமாகப் பரிசு தருபவர்), கிறிஸ்சைல்டு (அதைப் பெறுபவர்) சீட்டைக் குலுக்கச் சொல்லலாம். பெயர் வந்தவருக்கு 50 ரூபாய்க்குள் பரிசு வாங்கி, யாரென்று 25ஆம் தேதிவரை சொல்லாமல் காப்பது இனி அதன் பொறுப்பு.