விம் 11 வருடம்: வெளியே வரும் வழிகள் மட்டும்

சர்வர் வேலைக்கு வந்த நாளிலிருந்து, கோப்புகளைத் திறந்து திருத்த விம் என்ற மென்பொருள்தான் என் எடிட்டர். 11 வருடம் ஓடிவிட்டது. அதில் எழுதுவதைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் வெளியே வருவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லினக்ஸில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த வாசலில் நின்று கற்றதுதான்.

நேர்வழி தெரிந்ததே. எஸ்கேப், கோலன், க்யூ, என்டர். சேமிக்காத மாற்றம் இருந்தால் ஈ37 என்ற பிழை எண்ணைக் காட்டித் தடுக்கும். கடைசியில் ஆச்சரியக்குறி சேர்த்தால் மாற்றத்தைக் கைவிட்டு வெளியே விடும். கோப்பு எதுவும் கொடுக்காமல் திறந்தால் முதல் திரையிலேயே இந்த வழி இருக்கும், உகாண்டா குழந்தைகளுக்கு உதவக் கேட்கும் வரியோடு சேர்த்து. பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை பராமரித்த மென்பொருள் இது. அப்படியும் வெளியேறுவது எப்படி என்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2012-இல் வந்த கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். காரணம் எளிது. மாட்டிக்கொள்கிறவர் விம்மைத் தேடிப் போவதில்லை. கோட் மாற்றங்களைப் பதியும் கிட் கமிட்டோ, நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரான்டேபோ அவர் முன்னால் அதைத் திறந்துவைக்கிறது. கோப்போடு திறப்பதால் அந்த முதல் திரை வருவதே இல்லை.

இரவுப் பணியில் நானும் உடன் வேலை பார்த்த இருவரும் ஒரு பந்தயம் வைத்திருந்தோம்: க்யூ விசையைத் தொடாமல், இருப்பதிலேயே சுற்றுவழியில் வெளியே வர வேண்டும். பெரிய இசட்டை இரண்டு முறை தட்டினால் சேமித்துவிட்டு வெளியேறிவிடும் என்பதால் அதற்கு மட்டும் தடை.

ஒருவர் கன்ட்ரோல் இசட் தட்டி விம்மை நிறுத்தி வைத்தார். பிஎஸ், கிரெப், ஆக் என்ற மூன்று லினக்ஸ் கட்டளைகளையும் பைப்பில் கோத்து, ஓடும் நிரலுக்கான புராசஸ் எண்ணைப் பிடுங்கி, முடித்துக்கொள்ளச் சொல்லும் டெர்ம் சிக்னல் அனுப்பினார். விம் சாகவில்லை. நிறுத்தி வைத்த புராசஸுக்கு அந்தச் சிக்னல் வாசலில் காத்திருக்குமாம். நிறுத்தியதை மறுபடி ஓட்டும் எஃப்ஜி கட்டளை கொடுத்து எழுப்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. எழுந்த விம் சிக்னல் வந்ததைச் சொல்லி, கோப்புகளைப் பத்திரப்படுத்துவதாக ஒரு வரி காட்டி, அப்புறம்தான் கண்ணை மூடியது. சாகும் நேரத்திலும் என் எழுத்தைக் காப்பாற்றப் பார்க்கும் மென்பொருள்! அன்றுதான் அதன்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

நான் விம்முக்குள் இருந்தபடியே கோலன், ஆச்சரியக்குறி போட்டு, தாய்ப் புராசஸைக் கொல்லும்படி, கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்குக் கில் மைனஸ் ஒன்பது (உடனடியாகக் கொல்லும் சிக்னல்) கொடுத்தேன். அந்த ஷெல்லுக்குத் தாய் விம்தானே. போய்விட்டது. ஆனால் இந்தச் சிக்னலில் எதையும் பத்திரப்படுத்த நேரம் கிடையாது. டெர்மினலும் குழம்பிக் கிடந்தது. ரீசெட் என்று தட்டிச் சரிசெய்தேன்.

பிறகு ஒருநாள் உண்மையான கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு ஒன்றில் அவசரத்தில் இந்தக் கில் வழியையே செய்தேன். மறுபடி திறந்தபோது ஈ325 எச்சரிக்கை. ஆர் தட்டியதும், விம் தனியே வைத்திருக்கும் காப்புப் பிரதியான ஸ்வாப் கோப்பிலிருந்து பெரும்பகுதி திரும்பி வந்தது. கடைசியாகத் தட்டிய வரி மட்டும் இல்லை. ஸ்வாப் கோப்பு 200 எழுத்துக்கு ஒருமுறையோ, 4 நொடி கை ஓய்ந்தாலோதான் வட்டில் எழுதப்படும். நான் அந்த 4 நொடியைக்கூடக் கொடுக்கவில்லை.

தினசரி வேலைக்கு இரண்டைச் சொல்வேன். சேமித்து வெளியேறும் டபிள்யூ க்யூவுக்குப் பதில் எக்ஸ். மாற்றம் இருந்தால் மட்டுமே எழுதும். கோப்பின் நேரமுத்திரை வீணாக மாறி, நேரமுத்திரை பார்த்து மென்பொருளைக் கட்டும் மேக் கருவி மறுபடி எல்லாவற்றையும் கட்டத் தொடங்காது. இன்னொன்று சி க்யூ. பிழைக் குறியீட்டோடு வெளியேறும். கமிட் செய்தியைப் பாதியில் பார்த்து வேண்டாம் என்று தோன்றினால், சி க்யூ போட்டால் கிட் அந்தக் கமிட்டையே கைவிட்டுவிடும். ஐந்து வருடம் தெரியாமலே இருந்தேன். இப்போது வாரத்துக்கு ஒருமுறையாவது கை அங்கே போகிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்99 விசைப்பலகையில் க்யூ இருக்கும் இடத்தில் இருப்பது ஆ. மொழியை மாற்ற மறந்து வெளியேறப் போனால், ‘ஆ’ என்றொரு கட்டளை இல்லை என்று ஈ492 வரும். என் விம்ஆர்சியில் (விம்மின் அமைப்புக் கோப்பு) ஆ என்றால் க்யூ என்று கட்டளை வரிக்கு ஒரு சுருக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ஆ போட்டாலும் கதவு திறக்கிறது.