கை எம்பிராய்டரி பழக எது உதவும்: கிட்டா, சாம்ப்ளரா, வாரம் ஒரு தையலா?

எம்பிராய்டரி பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். டிசைன் அச்சிட்ட துணியோடு வரும் கிட் ஒன்று. ஒரே துணியில் முப்பது நாற்பது தையல்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் சாம்ப்ளர் இன்னொன்று. ஒரு வாரம் முழுக்க ஒரே தையலைப் போடுவது மூன்றாவது. எதை எடுத்தாலும் ஊசி ஓடும். கை திருந்துவதில்தான் வித்தியாசம்.

கிட் வாங்கினால் அன்றைக்கே தைக்க உட்காரலாம். நூல் நிறவாரியாகப் பிரித்திருக்கும், எங்கே எத்தனை இழை என்று எழுதியிருக்கும், முடித்ததும் மாட்டி வைக்க ஒன்று கையில் இருக்கும். ஆனால் இந்தக் கோட்டுக்கு ஏன் 2 இழை, அந்த இலைக்கு ஏன் 3 என்று யோசிக்கிற வேலையை வேறொருவர் முடித்துவிட்டார். துணியை இரண்டு வளையங்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்க கூட வரும் வளையம் மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் துணி சீக்கிரமே தளரும். தளர்ந்த துணியில் போட்ட தையல் துணியைச் சுருக்கிவிடும். உள்வளையத்தில் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றி முனையைத் தைத்துவிட்டால் பிடிமானம் வரும். இன்னொன்று: இதழ் 1 செ.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால், கிட்டில் அப்படிப் போட்டிருந்தாலும் சாட்டின் ஸ்டிச் (ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நெருக்கமாகப் போட்டு இடத்தை நிரப்பும் தையல்) வேண்டாம். அவ்வளவு நீள நூல் எதிலாவது மாட்டி இழுபடும். நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றி நிரப்பும் லாங் அண்ட் ஷார்ட் ஸ்டிச் போடுங்கள்.

சாம்ப்ளர் பழைய முறை. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் தைத்த 1598ஆம் ஆண்டுச் சாம்ப்ளர் இன்றும் இருக்கிறது. தையல்களையும் டிசைன்களையும் மறக்காமல் வைத்துக்கொள்ளும் குறிப்பேடாகத்தான் அந்தக் காலத்தில் அவை பயன்பட்டன. இன்றும் அதுதான் அதன் சரியான வேலை. பயிற்சி என்று பார்த்தால் குறை உண்டு: ஒவ்வொரு தையலும் ஒரு வரி, கை பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். முடிக்கும்போது நாற்பது பெயர் தெரியும், நாலு தையல் சீராக வராது.

எங்கள் ஓட்டு மூன்றாவது வழிக்கு. கோடுகளுக்குப் போடும், முறுக்கிய கயிறு போலத் தெரியும் ஸ்டெம் ஸ்டிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. வளையத்தில் இறுக்கமாக நெய்த பருத்தித் துணியை மாட்டி, ஒரு நேர்கோடு, ஒரு வளைவு, 3 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். நூல் 45 செ.மீ. போதும், நீளம் கூடினால் துணியில் உரசி உரசிப் பஞ்சாகும். 6 இழை நூலிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சேர்த்துப் பிடியுங்கள், மொத்தமாகப் பிரித்தால் சிக்கும். நேர்கோட்டில் 5 மி.மீ. தையல் அழகாக இருக்கும். அதே நீளத்தை வட்டத்தில் போட்டால் வட்டம் பலகோணமாகிவிடும். 2, 3 மி.மீ.க்குக் குறைக்க வேண்டும். நூல் எப்போதும் ஊசிக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். நடுவில் ஒரு தடவை மாறினாலும் கயிறு போன்ற அந்த முறுக்கு அங்கே திரும்பிக்கொள்ளும். பிறகு துணியைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் தையல்கள் இடைவெளியில்லாமல் ஒன்றையொன்று தொட்டு வரிசையாக நிற்கும் பேக் ஸ்டிச் போலத் தெரிந்தால், ஊசி முந்தைய துளையிலேயே சரியாக மேலே வந்திருக்கிறது. ஒரு வரியோடு நிறுத்தும் சாம்ப்ளரில் இதையெல்லாம் பார்க்க வாய்ப்பே வராது.

நூலை ஊசியில் சுற்றிப் போடும் சிறு முடிச்சான பிரெஞ்ச் நாட் அடுத்த வாரம். முடிச்சு பின்பக்கம் உருவிக்கொண்டு போவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள்: ஊசி வந்த துளையிலேயே திரும்ப இறங்குவது, நூலுக்குப் பொருந்தாத தடித்த ஊசி. துணியின் ஒன்றிரண்டு இழை தள்ளி இறக்குங்கள். முடிச்சு இறங்கி முடியும்வரை நூலை மறுகையால் இழுத்துப் பிடித்திருங்கள். பெரிய முடிச்சு வேண்டுமானால் சுற்றைக் கூட்டாமல் இழையைக் கூட்டுங்கள், மூன்று சுற்று முடிச்சு சாய்ந்துவிடும். ஊசியில் பல சுற்று சுற்றி நீளமாகப் போடும் புல்லியன் நாட்டுக்கு மட்டும் மில்லினர்ஸ் ஊசி வாங்கிவிடுங்கள்: காது தண்டைவிடத் தடிப்பதில்லை, அதனால் சுற்றுகள் வழுக்கிக்கொண்டு வரும்.

சாட்டின் ஸ்டிச்சுக்கு ஒரு வாரம் போதாது. ஓரம் பல்லுப் பல்லாக வருகிறதென்றால், முதலில் கோட்டின்மேல் ஸ்பிலிட் ஸ்டிச் (முந்தைய தையலின் நூலைப் பிளந்துகொண்டு போகும் தையல்) ஓட்டிவிட்டு, அதை மூடுகிற மாதிரி அதன் வெளி ஓரத்தில் ஊசியை இறக்குங்கள். நடுவில் தொடங்கி ஒரு பக்கம் முடித்து, பிறகு மறுபக்கம் போனால் சாய்வு மாறாது.

இந்த வழியின் குறை சலிப்புதான். பத்து நாளில் விட்டுவிடுகிற ஆள் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், கிட்டோடு தொடங்குங்கள்; ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு தையலையும் முதலில் ஒரு வெட்டுத் துணியில் போட்டுப் பாருங்கள். பொறுமை உள்ளவர்கள் வாரம் ஒரு தையலில் ஸ்டெம், சங்கிலி போன்ற செயின், ஓரம் கட்டும் பிளாங்கெட், பிரெஞ்ச் நாட், சாட்டின் ஐந்தும் கைக்கு வந்தபின் சாம்ப்ளர் போடலாம். அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஊசி எண், இழை எண்ணிக்கை, தையல் நீளம் மூன்றையும் எழுதுங்கள். தண்ணீரில் போகும் பேனாவில் எழுதினால் துவைக்கும்போது போய்விடும். அழியாத துணிப் பேனா வேண்டும்.