எங்கள் கரை வாலிபால் வகுப்பு: ஏழு மாத அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கரையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கும் வாலிபால் வகுப்பில் மகளைச் சேர்த்து ஏழு மாதம் ஆகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மாதம் 200 ரூபாய். சேர்க்கலாமா என்று கேட்கிற அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

பெரியவளான பிறகு அவள் ஓடியாடுவது அடியோடு நின்றிருந்தது. நான்தான் தடுத்தேன். அப்புறம் பள்ளி, டியூஷன், போன் என்றே நாள் போனது.

மைதானம் என்றால் இரண்டு பனங்கம்பு, பழைய மீன்வலையை மடித்துத் தைத்த நெட், எல்லைக்கு மணலில் முளையடித்த படகுக் கயிறு, அவ்வளவுதான். கால் புதையப் புதைய எம்பிக் குதிக்க வேண்டும். முதல் வாரம் "கெண்டைக்கால் ரெண்டும் கெஞ்சுதும்மா" என்று எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். பந்தை வாங்கி வாங்கி முன்னங்கை சிவந்து கன்றியிருந்தது. மூன்றாம் வாரத்தில் அந்தப் பேச்சே இல்லை. இப்போது கச்சான் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்தாலும் மூச்சு வாங்குவதில்லை என்கிறாள். பதினொரு மணி வரை போனோடு கிடந்தவளுக்கு ஒன்பதரைக்கே கண் சொருகிவிடுகிறது.

மாஸ்டர் முதல் நாளே சொன்னார்: "எடையைக் குறைக்கன்னு அனுப்பாதீங்கக்கா, விளையாட அனுப்புங்க." மாதவிடாய் நாளில் பெரிய பிள்ளை ஒருத்தியிடம் சொன்னால் போதும், ஆடுவதும் உட்காருவதும் அவரவர் விருப்பம். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பெண் பிள்ளைகள் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் எடுத்த கணக்கில், 2016-ல் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். எலும்பு பலம் சேர்க்கிற வயதும் இதுதான். ஓடுவதும் குதிப்பதும் அதற்கு உதவும். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு மனசு பொறுக்கவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. மாஸ்டர் படகுக்குப் போகிறவர். அவர் கடலுக்குப் போகும் நாளில் வகுப்பு இல்லை. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் தினமும் உண்டு. பிள்ளைகளுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்கிறார்கள். அதனால் வகுப்பில்லாத நாளில் வீட்டு வாசலில் தம்பியோடு கயிறு தாண்டுகிறாள்.

கழிப்பறை இல்லாதது பெரிய குறை. பெண் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் ஓடி வரவேண்டும். ஒரு நாள் உடைந்த சிப்பி இவள் பாதத்தைக் கிழித்தபோது கட்டுப்போட ஒரு துணிகூட அங்கே இல்லை. பஞ்சும் மருந்தும் நானே வாங்கிக் கொடுத்தேன். இப்போது ஆடுமுன் பிள்ளைகளே சிப்பி பொறுக்கிவிடுகிறார்கள். மாஸ்டரிடம் கழிப்பறை பற்றி இரண்டு தடவை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

சேர்க்கிறவர்கள் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். அங்கே குழாயில் வருவது உப்புத் தண்ணீர்.