ஸ்டெப் கட்டா, லேயர் கட்டா? பின்னல் போடும் நீளமுடிக்கு எது சரி

கல்யாண மாசம் பிறந்தால் என் பார்லரில் தினமும் ஒருத்தராவது இதைக் கேட்டுவிடுவார்கள். "அக்கா, ஸ்டெப் கட் பண்ணலாமா, லேயர் கட் பண்ணலாமா? ஆனா பின்னல் போட வரணும்."

அந்தக் கடைசி நாலு வார்த்தைதான் எனக்கு முக்கியம். தருமபுரியில் இடுப்புவரை முடி வைத்திருப்பவர்கள் அதை விரித்துவிடுவது வருஷத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் பின்னலோ கொண்டையோ, வெள்ளிக்கிழமையானால் அதில் ஒரு முழம் பூவும் இருக்கும். போனில் காட்டுகிற படத்திலோ முடி முழுக்க விரித்துப் போட்டு, ரோல் செய்து, லைட் போட்டு எடுத்திருப்பார்கள். அந்தப் படத்துப் பெண் மறுநாள் காலையில் பின்னல் போட்டால் எப்படி இருக்கும் என்று யாரும் காட்டுவதில்லை. அதனால் ஒவ்வொரு கட்டையும் விரித்தால் எப்படி, பின்னினால் எப்படி என்று இரண்டு விதமாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நீளமுடிக்கு நான் கைகாட்டுவது லாங் லேயரைத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டும் கையில் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். ஸ்டெப் கட்டில் முடியைக் காதுக்குக் காது குறுக்காகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு நீளத்தில் வெட்டுவோம். மேல் படி கழுத்தருகே, நடுப்படி தோளுக்குக் கீழே, கடைசிப் படி முதுகில் என்று கோடு கோடாகத் தெரியும். தெரியத்தான் வேண்டும், அதுதான் அதன் அழகு. லாங் லேயரில் ஒவ்வொரு பாகத்தையும் உச்சந்தலைக்கு நேர் மேலே தூக்கிப் பிடிக்கிறோம். முதலில் வெட்டிய ஒரு கற்றையை அளவுக்கு வைத்துக்கொண்டு, மற்ற கற்றைகளை அதனோடு சேர்த்துப் பிடித்து அதே இடத்தில் வெட்டுகிறோம். பிடரியிலிருந்து வரும் முடி உச்சிக்கு மேலே போக அதிக தூரம் ஏற வேண்டும். அதனால் வெட்டி விட்டபின் அது நீளமாகவே கீழே விழும், உச்சி முடி மட்டும் குறையும். நடுவில் படி இருக்காது, ஒன்றோடொன்று கலந்து இறங்கும்.

அப்புறம் விஷயம் எல்லாம் ஒரே ஒரு அளவில் நிற்கிறது. உச்சியில் இருக்கும் மிகக் குட்டையான முடி எத்தனை அங்குலம்? உச்சியிலிருந்து பிடரிக்கே சுமார் எட்டு ஒன்பது அங்குலம் ஆகிவிடும். பின்னல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் இரண்டு மூன்று பின்னுக்காவது முடி உள்ளே போனால்தான் பிடித்து நிற்கும். பின்னும்போது முடி வளைந்து வளைந்து போவதால் நேராகத் தொங்கும்போது எட்டுகிற இடம்வரை அது எட்டாது. என் கை அனுபவத்தில் உச்சி முடி 16 அங்குலத்துக்குக் குறைந்தால் பின்னலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு வரும். வழக்கமான ஸ்டெப் கட்டில் மேல் படி ஒன்பது பத்து அங்குலத்தில் நின்றுவிடுகிறது.

இது எனக்கே நடந்தது. காலேஜ் இரண்டாம் வருஷத்தில், வெளியூரில் ஒரு பார்லரில் இடுப்புவரை இருந்த முடிக்கு ஸ்டெப் கட் போட்டுக்கொண்டேன். அளவு கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஷாம்பூ போட்டு, டிரையர் அடித்துக் கண்ணாடி காட்டியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் அம்மா தேங்காய் எண்ணெய் வைத்து வாரினார். மேல் படி முடியெல்லாம் எண்ணெயில் ஒட்டிக் கயிறு கயிறாகத் திரிந்துகொண்டது. பின்னல் போட்டால் கழுத்துக்கு இரண்டு பக்கமும் சிலும்பிக்கொண்டு வெளியே நின்றது. கனகாம்பரம் வைத்தால் சரம் நிற்காமல் சரிந்தது. முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம்தான் வளரும். ஒன்பது அங்குலப் படி பதினாறாக மேலும் ஏழு அங்குலம் வேண்டும், கணக்குப் போட்டால் பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதமும் நான் ஹேர்பின்னோடுதான் காலேஜுக்குப் போனேன்.

அதற்காக ஸ்டெப் கட் மோசமான கட் என்று சொல்ல மாட்டேன். தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே வரை முடி இருந்து, பின்னல் பழக்கமே இல்லாமல், கிளிப் போட்டுப் போகிறவர்களுக்கு அது நன்றாகவே இருக்கும். நேரான, அடர்த்தியான முடியில் படிகள் பளிச்சென்று தெரியும். சுருள் முடியில் அதே படி கூரை வேய்ந்த மாதிரி மேலே குவிந்துகொள்ளும், அந்த முடிக்கு நான் போடுவதில்லை. ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் வந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஷிப்ட் முழுக்கத் தொப்பிக்குள் முடியை அடக்க வேண்டும், குட்டை முடி நெற்றியிலும் பிடரியிலும் வெளியே வந்து நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் கட்டி இரட்டைச் சடை போட வேண்டிய பிள்ளைகளுக்கும் அதே பதில்தான்.

ஃபெதர் கட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகத்தருகே இருக்கும் முடியைக் கத்திரியால் வழுக்கிவிட்டோ ரேஸராலோ இறகு போல மெலிதாக்குவது அது. முன்பக்கம் மட்டும் என்றால் நீளமுடியோடு சேரும். தலை முழுக்கக் கேட்டால் யோசிக்க வேண்டும், ஏற்கெனவே வறண்ட முடியில் ரேஸர் பட்டால் நுனி சீக்கிரம் வெடிக்கும்.

யு கட், வி கட் இரண்டும் லேயரே இல்லை, அடிவிளிம்பின் வடிவம் மட்டும்தான் மாறுகிறது. ஆனாலும் லேயருக்குப் பயப்படுகிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள். முடி மெலிசாக இருந்தால் லேயரைவிட யு கட்டே மேல், சந்தேகமே வேண்டாம். லேயர் போடப் போட அடியில் முடி குறையும். மெலிசு முடியில் அது போனால் பின்னலின் கடைசி அரையடி எலிவால் ஆகிவிடும். வி கட்டில் அந்த எலிவால் லேயர் போடாமலே வரும். பின்னல் போடுகிறவர்கள் வி கட்டுக்கு ஆசைப்படவே வேண்டாம்.

லாங் லேயர் யாருக்கு என்றால் அடர்த்தியாக, கனமாக, லேசாக அலையடித்த முடி உள்ளவர்களுக்கு. கனம் குறைந்ததும் அடங்கிக் கிடந்த அலை எழுந்து வரும். எண்ணெய் வைத்து வாரிய நாளில் லேயர் இருப்பதே தெரியாது, படிந்து பின்னலுக்குள் போய்விடும். விசேஷத்துக்கு அலசி விரித்தால் வெளியே வரும். வளரும்போதும் கோடு இல்லாததால் அசிங்கமாகத் தெரியாது, நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை நுனியை எடுத்தால் போதும். முன்பக்கம் முகத்துக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, முதல் கற்றையைக் காறை எலும்புக்குக் கீழே விழுகிற மாதிரி வெட்டுவேன். அதைக் காதுக்குப் பின்னால் தள்ளிப் பின்னலோடு சேர்த்துவிடலாம். தாடைக்கு நேரே வெட்டச் சொன்னால் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்வேன்.

வெட்டும்போது முடி ஈரமாக இருக்கும், ஈரத்தில் முடி நீண்டு நிற்கும். காய்ந்தால் மேலே ஏறும், அலை முடியில் இன்னும் கொஞ்சம் கூடவே ஏறும். 16 வேண்டும் என்றால் ஈரத்தில் 17-ல்தான் கத்திரி வைக்க வேண்டும். நல்ல சுருள் முடியைக் காயவைத்தே வெட்டுவது நல்லது.

வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாமா என்று பாலக்கோடு பக்கத்திலிருந்து வருகிற ஒரு தங்கச்சி கேட்டாள். போனில் பார்த்த குதிரைவால் முறை அது. குனிந்து எல்லா முடியையும் உச்சியில் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, நுனியை வெட்டி விடுவது. கேலி செய்ய அதில் ஒன்றுமில்லை, நாங்கள் பாகம் பாகமாக மேலே தூக்கி வெட்டுவதை அது ஒரே கட்டாகச் செய்கிறது. உச்சியில் கட்டினால் சுற்றிலும் லேயர் வரும். நெற்றிக்கு மேலே கட்டினால் முன்முடி குட்டையாகி, பின்னால் போகப் போக நீளும். ரப்பர் பேண்டிலிருந்து வெட்டுகிற இடம்வரை டேப் வைத்து 16 அங்குலத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பின்னலுக்கும் பிரச்சினை வராது. ஆனால் கட்டு நடு வகிட்டுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குட்டையாகும். அடர்த்தியான முடியை ஒரே பிடியில் வெட்டினால் கத்திரி வழுக்கி ஓரம் சாய்ந்துவிடும். சமையலறைக் கத்திரி முடியை வெட்டாமல் நசுக்கும், நசுங்கிய நுனிதான் முதலில் பிளக்கும். நடுத்தர அடர்த்தி, நேர்முடி, நல்ல கத்திரி, ஓர் அங்குலம் மட்டும் எடுப்பது என்றால் வீட்டில் செய்யலாம். முதல் தடவை லேயர் போடுவதைப் பார்லரில் செய்துகொண்டு, அதைப் பராமரிப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளுக்குச் சொன்னேன்.

நம் ஊர்த் தண்ணீரை விட்டுவிட்டு முடியைப் பற்றிப் பேச முடியாது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் காவிரியிலிருந்து கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர், தலைக்குக் குளிக்கப் பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு முடியிலும் படிந்து சொரசொரப்பாக்கும். ஒரே நீளமுடியில் அந்த வறட்சி அடிவிளிம்பில் மட்டும் தெரியும். லேயரில் நுனிகள் தலைமுழுக்கப் பரவி இருப்பதால் எங்கு பார்த்தாலும் பஞ்சு மாதிரி தெரியும். ஸ்டெப் கட்டில் இது இன்னும் மோசம், ஒவ்வொரு படியின் விளிம்பும் தனியாகச் சிலிர்த்து நிற்கும். போர் தண்ணீரில் எவ்வளவு அலசினாலும், கடைசி இரண்டு செம்பு மட்டும் காவிரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் விரலில் தெரியும். அரப்பு போடுகிறவர்கள் நன்றாகச் சலித்துப் போட வேண்டும், பொடி லேயர் நுனிகளில் தங்கினால் பொடுகு மாதிரித் தெரியும்.

இனி செட் செய்வது. புளோ டிரை செய்தால் எந்த லேயரும் அழகாகத்தான் விழும். முடி முக்கால் பாகம் தானாகக் காய்ந்தபின் ரவுண்ட் பிரஷில் நுனியை உள்ளே சுருட்டி, சூடு காட்டி, பிரஷை எடுக்குமுன் குளிர்காற்று கொடுத்தால் வடிவம் நிற்கும். ஸ்ட்ரெய்ட்னர் என்றால் 180 டிகிரிக்கு மேல் வேண்டாம், அதுவும் முழுதாகக் காய்ந்த முடியில் ஒரே ஒரு இழுப்பு. ரிசப்ஷனுக்கு இது சரி, வாராவாரம் என்றால் நுனி தாங்காது.

மற்ற நாளுக்கு நான் செய்வது வேறு. ஷாம்பூ போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே நடு வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் முறுக்கித் தளர்வான இரண்டு கொண்டைகளாகச் சுற்றிப் பருத்தித் துணியில் கட்டிவிடுவேன். சமையல் முடித்து, அது காய்ந்ததும் அவிழ்த்தால் லாங் லேயரில் மெல்லிய அலை வரும். ஸ்டெப் கட்டில் இதே கொண்டை வேலை செய்யாது, மேல் படி கொண்டைக்குள் அடங்காமல் தனியாகக் காய்ந்து வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஸ்டெப் கட்டுக்குத் தினமும் டிரையர் வேண்டியிருப்பதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

கல்யாணப் பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. முகூர்த்தச் சடைக்குச் சவுரி வைத்து, பூவைத்து, குஞ்சலம் கட்டுவோம். சவுரி சேர்வது உங்கள் முடியோடு, குட்டைப் படிகள் அதன் மேல் துருத்திக்கொண்டு நின்றால் பத்து பின் குத்தியும் மறையாது. ஆகவே தேதி குறித்தபின் ஸ்டெப் கட்டுக்கு வந்தால் வெட்டாமல் திருப்பி அனுப்பிவிடுவேன். லாங் லேயர் என்றால் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்னால் வாருங்கள், உச்சியில் 18 அங்குலம் விட்டு வெட்டித் தருகிறேன். முதல் நாள் ரிசப்ஷனுக்கு விரித்துக்கொள்ளலாம், மறுநாள் விடியற்காலையில் அதே முடியில் சடை பின்னலாம்.