அணு உலையா, சோலாரா? வட்டி போட்டுப் பார்ப்போம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டு மெத்தையில் (மொட்டை மாடியில்) மூன்று கிலோவாட் சோலார் போட்டதிலிருந்து பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வழக்கு ஓடுகிறது. அவர் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வீட்டுக்கு நீ போட்டது சரிப்பா, நாட்டுக்கு அணு உலைதான்" என்பார். நாடும் அடுத்த ரூபாயைச் சூரியனிலும் காற்றிலும்தான் போட வேண்டும் என்பது என் கட்சி.

அணுமின்சாரத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராத்திரி பகல் பார்க்காது, மேகமூட்டம் பார்க்காது, கொஞ்சம் இடத்தில் ஒரே உலை 1,000 மெகாவாட் தரும். சோலார் சாயங்காலம் படுத்துவிடும். சரி, பணத்துக்கு வருவோம்.

அணு உலையில் எரிபொருள் செலவு குறைவு. பெரும்பணம் கட்டுமானத்தில் முடங்குகிறது. ஒரு யூனிட்கூட விற்காத காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பங்களுக்கு முடங்கிய முதலைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. 10 சதவீதக் கூட்டு வட்டியில் 100 ரூபாய் 5 ஆண்டில் 161 ரூபாய். 12 ஆண்டில் 314. முதல் நாளே முழுத் தொகையும் செலவாகாது என்பதால் உலைக் கணக்கு இவ்வளவு மோசமாகாது. ஆனால் போகிற திசை இதுதான்.

கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் 1988-ல். கட்டுமானம் 2002-ல். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31-ல். இரண்டு உலைக்கும் சேர்த்து 13,171 கோடி என்று போட்ட திட்டம் 22,462 கோடிக்குப் போனது. போராட்டத்தால் வேலை நின்ற மாதங்களும் அதில் உண்டு, பொறியாளர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டக் கூடாது. யாரால் தாமதமானாலும் வட்டி ஏறத்தான் செய்யும். கல்பாக்கத்து 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் (எரிப்பதைவிடக் கூடுதல் எரிபொருளை உண்டாக்கும் உலை) கட்டுமானம் 2004-ல் தொடங்கியது; உலையின் மையப் பகுதியை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். இந்த இடத்தில் அண்ணன் பேச்சை மாற்றுவார்.

நமக்குப் பக்கத்தில், கமுதியில் 648 மெகாவாட் சோலார் ஓராண்டுக்குள் எழும்பி 2016-ல் ஓடத் தொடங்கிவிட்டது. இதிலும் ஒரு நேர்மை வேண்டும். மெகாவாட்டுக்கு மெகாவாட் ஒப்பிடுவது தப்பு. சோலார் ஆண்டு முழுக்கத் தருவது அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். கமுதிக்கு மின்வாரியம் ஒப்புக்கொண்ட விலையும் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. கூடங்குளம் மின்சாரமோ 4 ரூபாயை ஒட்டித்தான். அன்றைய கணக்கில் அண்ணன் பக்கமே ஜெயம். ஆனால் 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் சோலார் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. உலைச் செலவு எதிர்த்திசையில் போனது: கூடங்குளத்தின் 3, 4-ஆம் உலைகளுக்கு மதிப்பீடு 39,849 கோடி.

நம்பகத்தன்மைதான் என் கட்சியின் பலவீனம். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகள் ராத்திரியும் சுற்றும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் அடங்கி வானமும் மூடினால் என்ன செய்வது? மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவை ஏறும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் கடம்பாறை நிலையம் 400 மெகாவாட்தான். இன்னும் பல கடம்பாறைகள் வேண்டும். அதுவரை ஓடுகிற உலைகள் ஓடட்டும், அவற்றை மூடச் சொல்வது வீண்.

ஆனால் உலையும் நிற்கும். கூடங்குளம் மாதிரி உலைகளை எரிபொருள் மாற்ற வாரக்கணக்கில் நிறுத்துவார்கள். எதிர்பாராமல் நின்றால் ஒரே நொடியில் 1,000 மெகாவாட் போய்விடும். என் வீட்டு இன்வெர்ட்டர் போனால் மூன்று கிலோவாட்டோடு சரி.

வீட்டுக்குப் போட நினைப்பவர்களுக்கு: நாட்டு ஓட்டின் மேல் ஏற்றாதீர்கள், தளம் போட்ட மெத்தையில் வையுங்கள். வெயில் நாளில் 12 யூனிட் வரை வருகிறது. மயில் எச்சம் காய்ந்து ஒட்டினால் அந்தப் பலகை மட்டும் சோர்ந்துவிடும்; வெயில் ஏறும் முன் ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். போர்த் தண்ணீர் வெள்ளை உப்புத் திட்டு விடுகிறது, பிடித்து வைத்த மழைத் தண்ணீர்தான் நல்லது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் உண்டு. ஆனால் அது வேலை முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும், முன்பணத்தை நீங்கள்தான் புரட்ட வேண்டும்.

பேட்டரி இல்லாத அமைப்பில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நாங்கள் பேட்டரி வாங்கவில்லை, அதனால் லித்தியம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் வந்த காரைக்குடி செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பேட்டரி ஆராய்ச்சிதான் முக்கியமான வேலைகளில் ஒன்று. அங்கே படித்த பையன்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். விற்க வருகிறவரிடம் கேட்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.